புதன்கிழமைப் பால்

அம்பத்தூர்
7-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரகாஷ் எழுதுறேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணி நாலு மாசம் ஆச்சு. வெண்ணிலா அவ போன்ல கூப்பிட்டப்பவும், என் பொண்டாட்டி குரல்னு தெரிஞ்சதும் வச்சிட்டியாம். தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாதில்ல, அதான் எழுதுறேன். கிழிச்சிப் போடுறதா இருந்தாலும் செடி விஷயத்தைப் படிச்சிட்டுக் கிழி.

அம்மாவைப் புதைச்ச அன்னைக்கு, வாசப்படி தாண்டாதேன்னு நீ சொன்னே. திரும்பிப் போறப்ப வேலி ஓரமா அம்மா பெயிண்ட் டப்பாவுல வச்சிருந்த கற்பூரவல்லியைத் தூக்கிக்கினு வந்துட்டேன். வேற எதையும் தொடல. இங்க ஜன்னல்கிட்ட வச்சேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தது. இப்ப இலையெல்லாம் உள்பக்கமா சுருளுது. தொட்டா தடிப்பா, விறைப்பா இருக்கு. கீழ் இலை மஞ்சளாகி உதிருது.

நீ நர்சரியில நாளெல்லாம் செடியோடவே இருக்கிறவ. அம்மாவோடதுன்னு என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான் அக்கா. இது போயிட்டா ஒண்ணுமே இல்ல. இன்னா பண்ணணும்னு சொல்லு.

உன் தம்பி,
பிரகாஷ்


காவலூர்
16-7-2025

பிரகாசுக்கு,

செடிக்காக எழுதுறேன். உனக்காக இல்ல.

இலை சுருளுறதுக்கு ஒரு காரணம் இல்ல. தண்ணி பத்தலன்னாலும் சுருளும், ஜாஸ்தியானாலும் சுருளும். அனல் காத்து பட்டாலும் சுருளும். டப்பாவை எங்க வச்சிருக்கே? ஏசி மிஷினோட வெளிப்பெட்டி பக்கத்துல இருந்தா மொதல்ல அங்கேருந்து எடு. காலை வெயில் படுற இடமா வை.

இலையைத் திருப்பிப் பாரு. வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி பூச்சி இருந்தா, தண்ணியில ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் கலந்து துணியால தொடை. உங்க ஊர்ல சாம்பல் ஏது, இல்லன்னா அதையே தூவச் சொல்லியிருப்பேன்.

எப்ப எப்ப தண்ணி ஊத்துறேன்னு எழுது. அது போதும். மத்த கதை எதுவும் எழுத வேணாம்.

ரஞ்சிதம்


அம்பத்தூர்
22-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வெண்ணிலா அழுதுட்டா. நான் மூணு தபா படிச்சேன். திட்டுறதுக்காவது எழுதினியே, அது போதும்.

நீ சொன்னது சரி. ஏசி பெட்டி பக்கத்துலதான் இருந்தது. எடுத்து பால்கனியில கிழக்கு பார்த்து வச்சிட்டேன். பூச்சி ஒண்ணும் இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சொம்பு தண்ணி ஊத்துறேன். தண்ணி மட்டும்தான். ஆனாலும் புதுசா வர்ற கொழுந்துகூட சுருண்டுக்கினுதான் வருது.

மத்த கதை வேணாம்னு எழுதியிருக்கே. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னைக்கு ஆலங்காயத்துல மலைமேல போற பஸ் என் கண்ணு முன்னாடி போச்சு. உடனே உனக்குப் போன் பண்ணி, ஆட்டோ பிடிச்சு வர்றேன், ஒரு மணி நேரம் அம்மாவை வச்சிருங்கன்னு சொன்னேனே. பாதியில கட் ஆயிடுச்சு. டவர் இல்லாம உனக்குக் கேக்கலையோ இன்னாவோ. நான் வராம இருக்கணும்னு இருந்தவன் இல்ல அக்கா.

உன் தம்பி,
பிரகாஷ்


காவலூர்
2-8-2025

பிரகாசுக்கு,

பஸ் கதையை என்கிட்ட சொல்லாதே. அதைப் பத்தி இனிமே ஒரு வரி எழுதினாலும் பதில் வராது.

கற்பூரவல்லிக்கு இன்னாத்துக்குடா ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி? அது இலையிலயே தண்ணி வச்சிருக்கிற செடி. மேல் மண்ணு காய்ஞ்சாதான் ஊத்தணும். அம்மா வாரக்கணக்குல அதை மறந்துடுவா, அது பாட்டுக்குப் புதர் மாதிரி வளர்ந்தது.

டப்பாவுக்கு அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு குச்சி விட்டுப் பாரு. அப்புறம் விரலை மண்ணுக்குள்ள ரெண்டு கணு ஆழம் விட்டு, மோந்து பாரு. நல்ல மண்ணு மழை வாசனை அடிக்கும். வேற நாத்தம் வந்தா எழுது. தண்ணியைத் தவிர எதையாச்சும் ஊத்துறியா? டீத்தூள், அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணின்னு பட்டணத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்காம உள்ளதைச் சொல்லு.

இங்க சாமை வெதைச்சாச்சு. மாடு கன்னு போட்டிருக்கு, கெடாரிக் கன்னு. அம்மா இருந்தா உனக்குச் சொல்லச் சொல்லியிருப்பா. அதான் சொன்னேன்.

ரஞ்சிதம்


அம்பத்தூர்
12-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஓட்டை அடைக்கல. மண்ணை மோந்து பார்த்தேன். புளிச்ச தயிர் நாத்தம். மேல வெள்ளையா ஏடு மாதிரி படிஞ்சிருக்கு.

தண்ணி மட்டும்னு எழுதினது பொய். பால் ஊத்துறேன்.

அம்மா செவ்வாய்க்கிழமை போனா, அன்னைக்கே புதைச்சிட்டீங்க. மறுநாள் புதன்கிழமை பால் தெளிச்சாங்க. பெத்த புள்ள நான் இருக்கும்போது, பங்காளி வூட்டு ரமேஷ்தான் தெளிச்சானாம். ராத்திரி ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுலயே கிடந்துட்டு, அந்த நேரத்துல நான் மடியில செடியை வச்சிக்கினு பஸ்ல உட்கார்ந்திருந்தேன். ஒரு பிடி மண்ணும் போடல, ஒரு சொட்டுப் பாலும் ஊத்தல. அடுத்த புதன்கிழமை காலையில, எனக்கே இன்னா தோணுச்சோ, ஒரு தம்ளர் பாலைக் கொண்டுபோய் செடிக்கு ஊத்தினேன். அம்மா கையால வச்ச மண்ணுதானேன்னு நெனைச்சேன். அன்னைக்குதான் எனக்கு அழுகை வந்தது. அதுலேருந்து வாரா வாரம் ஊத்துறேன். வெண்ணிலாவுக்குக்கூட தெரியாது.

நீ சிரிப்பேன்னுதான் மறைச்சேன். இல்லன்னா, செத்த பிறகு பால் ஊத்துறியான்னு கேப்பே.

என்னாலதான் செடி சாகுதா அக்கா? நிறுத்தணும்னா நிறுத்திடறேன். ஆனா அப்புறம் புதன்கிழமை வந்தா நான் இன்னா பண்றது?

உன் தம்பி,
பிரகாஷ்


காவலூர்
10-9-2025

அன்புள்ள தம்பி பிரகாசுக்கு,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. நாலு தபா எழுத உட்கார்ந்தேன், முடியல. இப்ப நெஞ்சைக் கல்லாக்கிக்கினு எழுதுறேன்.

மொதல்ல செடி. ஆமா, பால்தான். மண்ணு புளிச்சு, வேர் மூச்சு விட முடியாம அழுகுது. அதான் இலை சுருளுது. அந்த வேர் இனிமே தேறாது. ஆனா செடி தேறும். நுனியில சுருளாத கிளையாப் பார்த்து நாலு விரல் நீளத்துக்கு ஒடிச்சு, ஒரு நாள் நெழல்ல போடு. பாதி மண்ணு, பாதி மணல் கலந்து வேற டப்பாவுல நடு. சும்மா சும்மா தண்ணி காட்டாதே. பதினைஞ்சு நாள்ல பிடிச்சிக்கும்.

இப்ப என் விஷயம்.

அன்னைக்கு டவர் நல்லாத்தான்டா இருந்தது. நீ சொன்னது பூராவும் எனக்குக் கேட்டுச்சு. நான்தான் கட் பண்ணேன். சடையன் மாமா வந்து, பையன் எங்கம்மா இருக்கான், காத்திருக்கலாமான்னு கேட்டாரு. அவன் போனே எடுக்கல, எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன். மண்ணு மூடிட்டு ஆளுங்க திரும்பிக் குளிக்கும்போது உன் ஆட்டோ வந்து நிக்குது. நீ உள்ள வந்தா உண்மை வெளிய வந்துடும்னு பயந்துதான் வாசப்படி தாண்டாதேன்னு கத்தினேன்.

ஏன்னு கேப்பே. ரெண்டு வருஷம் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினது நான். நீ ஆடிக்கு ஒரு தபா, அமாவாசைக்கு ஒரு தபா வந்து ஆரஞ்சுப் பழம் குடுத்துட்டுப் போவே. கடைசி மூணு நாளும் அவ பிரகாஷ் பிரகாஷ்னுதான் முனகினா. ஒரு தபாகூட என் பேரைச் சொல்லல. அந்த ஆத்திரம்டா. வேற ஒண்ணும் இல்ல. அவ கேட்ட புள்ளையை அவகிட்ட வரவுடாம பண்ணிட்டேன். உன்னைத் திட்டித் திட்டி அதை எனக்கே மறைச்சிக்கினு இருந்தேன். நீ பாலைப் பத்தி எழுதின அன்னைக்கு நான் சோறு திங்கல.

நேத்து சடையன் மாமா வூட்டுக்குப் போய், அவரு பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு வெத்தலையைத் துப்பிட்டு எழுந்து போயிட்டாரு. ஊர் பூரா இன்னேரம் தெரிஞ்சிருக்கும். தெரியட்டும்.

செடிக்குப் பால் ஊத்தாதே சாமி. அது அம்மா இல்ல. அம்மா இங்க நம்ம நிலத்து ஓரம், புளியமரத்துக்குக் கீழ இருக்கா. இன்னும் நீ அந்த இடத்தைப் பார்க்கல. வர்ற இருபத்தொண்ணாந் தேதி, ஞாயித்துக்கிழமை, பொரட்டாசி அமாவாசை. வெண்ணிலாவையும் கூட்டிக்கினு வா. அந்தப் பழைய டப்பா மண்ணைக் கீழ கொட்டிடாதே. இந்த ஊரு மண்ணு, எடுத்துக்கினு வந்து உன் கையால அவ மேல போடு. பால் நான் கறந்து வைக்கிறேன்.

வாசப்படியில வச்சி என்னைத் திட்டணும்னா திட்டு. நான் நின்னு கேட்டுக்கிறேன்.

உன் நம்பரைப் பிளாக்கிலேருந்து எடுத்துட்டேன். ஆலங்காயத்துல பஸ் போயிட்டா ஓடாதே, போன் பண்ணு. எவ்ளோ நேரமானாலும் இந்தத் தபா காத்திருக்கேன்.

உன் அக்கா,
ரஞ்சிதம்