தையல் டேப்பும் ஜீப் டயரும்

ஜாக்குலின்,

நீ காலை ஜெபத்திலிருந்து வருவதற்குள் கிளம்புகிறேன். அயலைக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். பதினோரு மணிக்கு நெருளிலிருந்து அந்த அம்மா, நீ தைத்த ப்ளவுஸை வாங்க வருவார்.

மூன்று நாளாக நீ என்னிடம் பேசவில்லை. நியாயம்தான். மெக்கானிக் அன்வர் பாய் முன்னால், "ஒனக்கு ஜாக்கெட் தைக்கத்தான் தெரியும், சும்மா இரு" என்று கத்தியவன் நான்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற என் ஜீப், திருப்பத்துக்குத் திருப்பம் உறுமி நடுங்கியது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார் பாய். நானும் தலையாட்டினேன். நீ மட்டும் உன் டேப்பை டயரில் சுற்றினாய். அறுபது இஞ்சில் டேப் முடிந்ததும் அங்கே தையல் சாக்பீஸால் கோடு போட்டு மிச்சத்தை அளந்தாய்.

"முன்னால புதுசு, பின்னால தேஞ்சது. ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். பெறவு நாலும் ஒண்ணா எப்படிச் சுத்தும்?" என்றாய். அதற்குத்தான் கத்தினேன்.

நேற்று பின்னாலும் புது டயர் மாட்டி சான்பாடா வரை போய் வந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. கெட்டிக்காரி நீ!

தனசீலன்

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: கேரேஜில் இன்னொரு ஜீப்பும் இப்படியே நடுங்குகிறதாம். "பாபியைக் கூட்டிட்டு வா" என்றார் பாய்; அண்ணி என்று உன்னைத்தான் சொல்கிறார். மாலை ஆறு மணிக்கு டேப்போடு அங்கே வா. திட்டியது அவர் முன்னால்தானே, மன்னிப்பும் அங்கேயே கேட்கிறேன். அளப்பது நீ. கோடு போடுவது நான்.