குடோனுக்குள் வந்த ஈரம்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம்; நலம் என்று எழுத இப்போதுதான் கை வருகிறது. நீயும் நன்றாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனால் போனில் நீ சொல்லும் "நல்லா இருக்கேம்மா"வை நான் முழுசாக நம்புவதில்லை என்பது உனக்கே தெரியும். மற்றதைப் படிப்பதற்கு முன் ஒன்று, உன் அண்ணன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பிய வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்படியே குப்பையில் போடு. நீ இதற்குள் பிரித்திருப்பாய் என்றுதான் சந்தேகம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, வறுத்துச் சாப்பிடலாமே என்று யோசிக்காதே, வறுத்தாலும் போகாத விஷம் அதில் இருக்கலாம். அண்ணன் தெரிந்து அனுப்பவில்லை, கடலை கெட்டது தெரிவதற்கு முன்பே எடுத்தனுப்பியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு வியாபாரம் மாறிவிட்டது. முன்பு கடலையை ஓட்டோடு வாங்கி ஓட்டோடு விற்றோம், இப்போது அண்ணன் மெஷின் போட்டு உடைத்து, பருப்பாக்கி, பிஸ்கட் கம்பெனிக்கு அனுப்புகிறான். மெஷினைப் பார்த்துக்கொள்வது உன் அண்ணியின் தம்பி. குடோனில் மூட்டைகளை எப்போதும் போலப் பலகை மேல்தான் அடுக்குகிறோம், சுவரில் படாமல், ஆள் நுழையும் அளவு சந்து விட்டு. அப்படியிருந்தும் போன மாதம் ஒரு நாள் கதவைத் திறந்ததும் எனக்கு மூக்கில் உறுத்தியது. மழையில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் ஒரு வாடை வருமே, அது. அண்ணனிடம் சொன்னேன், "உங்களுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு வாடை வரும்" என்றான். நான் மெஷின் பக்கத்து மூட்டை ஒன்றைப் பிரித்துக் கையை விட்டேன், உள்ளே கதகதவென்று சூடு. எடுத்த கடலையைக் காதருகே வைத்து ஆட்டினால் சத்தமே இல்லை. காய்ந்த கடலை கலகலவென்று பேச வேண்டாமா. உடைத்துப் பார்த்தேன், பருப்பு மேல் பச்சையாய் மாவு தூவினது போல் பூசணம்.

கூரை ஒழுகுகிறதா என்று அண்ணன் ஏணி போட்டு ஏறிப் பார்த்தான், பொட்டு ஈரம் இல்லை. அப்படியானால் கடலை வரும்போதே ஈரமாய் வந்திருக்கிறது என்று நமக்குக் கடலை பிடித்துக் கொடுக்கும் தரகரைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள் வந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதரை எப்படி நம்புவது. ஈரம் பார்க்கும் மெஷினும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான், அது பொய் சொல்லும்படி ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். நல்லாக் காய்ந்த கடலை ஒரு பிடி, ஊறவைத்த கடலை ஒரு பிடி, இரண்டையும் அதில் போட்டுப் பார்த்தேன். காய்ந்ததைக் காய்ந்தது என்றது, நனைந்ததை நனைந்தது என்றது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. கடலை காய்ந்துதான் உள்ளே வந்திருக்கிறது, நம் குடோனுக்குள்தான் நனைந்திருக்கிறது. அப்படியென்றால் நனைத்தது நம்மில் ஒருவர்.

பிறகு நான் யாரையும் சும்மா விடவில்லை. அண்ணியின் தம்பி தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரிகிறவன், பாட்டிலை வெளியிலேயே வைத்துவிட்டு வா என்றேன். மறுபேச்சு இல்லாமல் வைத்தான். இவ்வளவு அடக்கமாய் இருக்கிறானே, ஏன் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். அண்ணி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் தம்பியல்லவா. கடைசியில் ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பின் குடோன் வாசலுக்கு உள்பக்கமாகக் கோதுமை மாவைச் சலித்துத் தூவிவிட்டு வந்தேன். காலையில் மாவில் தடம் இருந்தது. வலது கால் முழுசாய்ப் பதிந்திருந்தது, இடது கால் பதியவில்லை, இழுத்துக்கொண்டு போன கோடு மட்டும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அப்பா எப்படி நடக்கிறார் என்று உனக்குத் தெரியும்.

உள்ளே போனேன். கொல்லையில் செடிக்கு ஊற்றும் பூவாளியை வைத்துக்கொண்டு, அன்றைக்கு உடைக்கப் பிரித்து வைத்த மூட்டைகள் மேல் மெல்ல மெல்லத் தூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பூவாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அந்த வயதில். "ஓடு இளகினாத்தான் பருப்பு முழுசா வரும். நாங்க அந்தக் காலத்துல இப்படித்தான் பண்ணுவோம்" என்றார். நான் கையை நீட்டிப் பூவாளியை வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே சொன்னார், "கம்பெனிக்காரன் உடைஞ்ச பருப்பை மேஜை மேல கொட்டி, அத்தனை பேர் முன்னாடி நம்ம பையனைத் திட்டினான். நான் வெளிய பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இனிமே அவனுக்கு அந்தத் திட்டு விழக் கூடாதுன்னுதான்." நனைத்ததில் பாதி அன்றன்றைக்கு உடைபடாமல் மறுபடி கட்டி மற்ற மூட்டைகளோடு அடுக்கப்பட்டதை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். கத்துவான் என்று பயந்தேன், தராசுப் பலகை மேல் போய் உட்கார்ந்துகொண்டு கடலை ஓட்டைக் கையால் நொறுக்கிக்கொண்டே இருந்தான். கம்பெனிக்குப் போகவேண்டிய லோடை நிறுத்தினான், மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுத்தோம். இதற்குள் தரகருக்கு எப்படி மூக்கில் வேர்த்ததோ, மறுநாளே வந்து நின்றார். "பிஸ்கட்டுக்குத்தான ஆகாது. எண்ணெய் ஆட்டிட்டுப் புண்ணாக்கை மாட்டுக்குப் போட்டுட்டாப் போச்சு. நான் எடுத்துக்கறேன்" என்றார். அண்ணன் "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அந்த யோசிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முடிவை வாங்கப் பரிசோதனைக்கூடத்துக்கு நானே போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள், "அளவுக்கு மேல இருக்கும்மா. பூசணம் விட்ட விஷம், கண்ணுக்குத் தெரியாது. பூசணத்தைத் துடைச்சாலும் இது உள்ள நிக்கும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது, கொஞ்சம் கொஞ்சமா ஈரலைக் கெடுக்கும். மாடு தின்னா பால்லயும் இறங்கும்."

திரும்பி வந்து பார்த்தால் அடுக்கில் ஒரு வரிசை குறைந்திருந்தது. அண்ணனைக் கேட்டேன், "எலி கடிச்ச மூட்டை, ஓரமா வெச்சிருக்கேன்" என்றான், பேசும்போது தன் கால் கட்டைவிரலையே பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவன் பொய் அந்த விரலில்தான் இருக்கும். நான் அப்போது பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது, அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, "தரகர் புண்ணாக்கு எந்த மாட்டுக்குப் போகுது, அந்தப் பால் எந்தப் பிள்ளைக்குப் போகுதுன்னு கேட்டு வெச்சியா?" என்று மட்டும் கேட்டேன். அண்ணி, குழந்தை கையில் இருந்த பால் டம்ளரை வாங்கித் தள்ளி வைத்தாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார். இருவரும் வண்டி எடுத்துக்கொண்டு தரகர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று இருவரும் இன்றுவரை சரியாகச் சொல்லவில்லை, ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் பொருந்தவும் இல்லை. அண்ணன் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. தரகருக்குப் போயிருந்த மூட்டைகள் திரும்பி வந்தன. சரக்கை மாற்றிக் கட்டி அனுப்பியிருப்பாரோ என்று ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தேன், நம் சணல்தான், நம் முடிச்சுத்தான்.

கொல்லையில் ஆழமாய்க் குழி வெட்டி, யாரும் தோண்டி எடுத்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் ஊற்றிப் புதைத்தோம். அப்பா மண்வெட்டியைக் கேட்டார், முட்டி விடவில்லை, குழி மூடும்வரை நாற்காலி போட்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். மீதி மூட்டைகளைத் தார்பாயில் மெல்லிசாய்ப் பரப்பிக் காயவைத்து, சொத்தையும் சுருங்கினதும் பொறுக்கி, மறுபடி பரிசோதனைக்கு அனுப்பி, நல்லது என்று வந்ததைத்தான் வைத்திருக்கிறோம். குடோன் வாசலைத் தாண்டி இனி ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அண்ணியின் தம்பி மெஷினின் இடைவெளியைத் தளர்த்தி வைத்திருக்கிறான், பருப்பு இப்போது அவ்வளவாக உடைவதில்லை, நனைக்காமலே. அவனுக்கு டீயை முதலில் நான்தான் கொடுக்கிறேன். அவன் டம்ளருக்குள் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறான், பார்க்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

அப்பாதான் குடோன் பக்கமே வருவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மெஷின் சத்தத்தை மட்டும் கேட்கிறார், சத்தம் நின்றால் தலையைத் திருப்புகிறார். அண்ணன் போய்க் கூப்பிட்டான், "நான் வந்தா எதையாவது கெடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவரிடம் கொடுக்கச் சொல், கடலை காய்ந்ததா என்று காதால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள். அது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, நன்றாகச் சொல்வார். உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு தூங்காதே, எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காதே, நான் எழுதியதாகச் சொல்லாதே. "அம்மா ஏதும் எழுதினாளா?" என்று கட்டாயம் கேட்பார், இல்லை என்று சொல். நம்பமாட்டார். ஆனாலும் பேசுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா