லெட்சுமி ஆன்டியின் அப்டேட் பட்டன்

செவ்வாய்

காலையிலிருந்தே மழை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோனோரெயிலுக்கு அடியில் குடையும் ஆளுமாக நெரிசல். லெட்சுமி ஆன்டியின் கல்யாணத் தகவல் மையம் மூன்றாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர். அவருடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

இன்றும் ஆன்டியின் அதே பேச்சு. "ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உன்னைக் கூப்பிடணுமா? பட்டன் அங்கேயே இருக்குல்ல. நானே அமுக்கிக்கிறேன் லா."

பட்டன் இருக்கிறது. வேலை செய்யாதபடி பூட்டி வைத்திருப்பது நான்தான். வெப்சைட் தன் புரோகிராமைத் தானே மாற்றிக்கொள்ள விட்டால், உள்ளே நுழைகிற திருடனும் அதே வழியில் மாற்றுவான். நூறு தடவை சொல்லியாயிற்று. உள்ளே எத்தனை பெண்களின் படம், ஜாதகம், போன் நம்பர். என் அக்காவுடையதும். விவாகரத்துக்குப் பிறகு மாட்டவே மாட்டேன் என்றவளை நச்சரித்துச் சேர்த்தவள் நான்.

வாதாடத் தெம்பில்லை. பூட்டைத் திறந்தேன். "இப்பவே அமுக்குங்க ஆன்டி. முடிஞ்சதும் பூட்டிடுறேன்."

"ராகு காலம் மா. புது வேலை எதையும் இப்பத் தொடக் கூடாது. காலையில நல்ல நேரம் பாத்து அமுக்குறேன்."

கல்யாண மையத்தில் ராகு காலத்தோடு சண்டை போட முடியுமா. திறந்தபடியே விட்டு வந்தேன்.

புதன்

தலைவலி. ஆன்டி போன். "அமுக்கிட்டேன், நல்லா போச்சு. அப்படியே விட்டுடு மா. இனிமே தானா அப்டேட் ஆகட்டும்னு வச்சிட்டேன்."

பூட்ட வேண்டும். சுபாங் ஜெயாவில் ஒரு கடைக்காரரின் வெப்சைட் படுத்துவிட்டது, அங்கே ஓட வேண்டும். துணி இன்னும் காயவில்லை. நாளைக்கு.

சனி

ஆன்டி வெப்சைட்டில் சூதாட்ட விளம்பரம். படம் ஏற்றும் இடம் வழியாக எவனோ நுழைந்து புரோகிராமையே மாற்றி எழுதியிருக்கிறான். பூட்டியிருந்தால் எழுதியிருக்க முடியாது. பெண்களின் படம், விவரம் முழுக்கத் திருடு போய்விட்டது. வெப்சைட்டை நிறுத்தினேன். எல்லாக் குடும்பத்துக்கும் போன் செய்து சொல்லும்படி ஆன்டியிடம் சொன்னேன்.

"தானா அப்டேட் ஆனா பத்திரம்னுதானே எல்லாரும் சொல்றாங்க? பெத்தவங்களுக்கு நான் என்ன மா பதில் சொல்வேன்?" அழுகிறார். கோபம்கூட வரவில்லை எனக்கு. அசதி.

ஞாயிறு

கிள்ளான், அக்கா வீடு. முந்தாநாளிலிருந்து யார் யாரோ ஆண்கள் போன் செய்கிறார்களாம். அசிங்கமான பேச்சு. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தோசைக்குச் சட்னி எடுத்து வைத்தாள்.

"நம்பர மாத்திட்டேன். மூஞ்சிய என்ன செய்யட்டும், சொல்லு."