கண்டக்டர் பையில் ஒரு சிரப் பாட்டில்

கம்பம்
6.2.2001

பிரியமுள்ள மச்சானுக்கு, பெனாசிர் ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மகள் சாதியாவும் சுகம். போன் ஹாலில் இருக்கிறது, பக்கத்திலேயே அத்தா உட்கார்ந்திருக்காக. இந்த அசிங்கத்தை அங்கே வைத்துப் பேச முடியுமா? அதனால்தான் கடிதம்.

பஸ் கண்டக்டரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய இருமல் சிரப் பாட்டில் வந்தது. மூடியில் பழைய மருந்து இன்னும் பிசுபிசுக்கிறது. 'தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா கண்ணு குளுந்துரும்னு அம்மா சொல்றாக, பீய்ச்சி அனுப்பு' என்று சீட்டு வேறு. நான் என்ன பசுமாடா? உங்கள் கண்ணாயிற்றே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை எடுத்து அனுப்பினேன். பிள்ளை தொட்டிலில் பாலுக்கு அழுகிறது, எனக்குக் குமட்டுகிறது. இனிமேல் கேட்காதீர்கள்.

நாள் முழுக்கக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வோட்டர் லிஸ்ட் டைப் அடித்தால் கண் எரியாமல் என்ன செய்யும்? சாதியாவுக்கு ஊசி போடப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருபது நிமிசத்துக்கு ஒருதரம் இருபதடிக்கு அப்பால் எதையாவது பார்க்கச் சொன்னாக. கடை வாசலுக்கு வந்தால் மலை தெரியுமே, அதைப் பாருங்கள். மானிட்டர் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், வெளிச்சத்தைக் குறையுங்கள். இமையுங்கள். டைப் அடிக்கும்போது பல்லி மாதிரி முழித்தபடியே இருக்கிறீர்கள்.

பெனாசிர்


உத்தமபாளையம்
10.2.2001

அன்பு பெனாசிருக்கு,

கண் ஜில்லென்று இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே பெருமை. மிச்சத்தைக் கடை அலமாரியில் வைத்து மூன்று நாளாக விட்டுக்கொள்கிறேன். கூட டைப் அடிக்கிற விஜய்பாண்டிக்கும் கண் எரிச்சல் என்றான், அவனுக்கும் ரெண்டு சொட்டு விட்டாச்சு. 'அக்கா கை மருந்து நல்லா கேக்குதுண்ணே' என்கிறான். காலிப் பாட்டிலை அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை நிறைய.

லிஸ்டை இருபதாம் தேதி கொடுக்கணும். மலையைப் பார்க்க எங்கே நேரம்?

ரியாசுதீன்


கம்பம்
12.2.2001

மச்சானுக்கு,

விஜய்பாண்டிக்கா? இனி அந்தக் கடைப் படியை நான் எப்படி மிதிப்பேன்?

பாட்டிலைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக ஏடு ஒட்டியிருக்கிறது, புளித்த வாடை. வாந்தியே எடுத்துவிட்டேன். இதையா மூன்று நாள் கண்ணில் ஊற்றினீர்கள்? விலங்கியல் படித்தவள் நான், இதில் என்னென்ன வளரும் என்று எனக்குத் தெரியும். பாட்டிலைச் சாக்கடையில் வீசிவிட்டேன். கண் டாக்டரிடம் போங்கள். போகாவிட்டால் அடுத்த மாதம் என்னைக் கூட்டிப்போக வராதீர்கள். உங்களைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

பெனாசிர்


தேனி
17.2.2001

பெனாசிருக்கு,

ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், ரெண்டு கண்ணிலும் கட்டு. நான் சொல்லச் சொல்ல விஜய்பாண்டி எழுதுகிறான். வலது கண்ணில் புண்ணாம், சீழ் பிடித்திருக்கிறதாம். என்ன விட்டீங்க என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். வெட்கமாக இருந்தது, குழாய்த் தண்ணி என்று சொல்லிவிட்டேன்.

ரியாசுதீன்

அக்கா, இது நானா எழுதுறது. அண்ணனுக்குத் தெரியாது. விட்டது என்னன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும், இல்லைன்னா கண்ணு தங்காதுன்னு நர்ஸம்மா சொல்றாக. அண்ணனோட அம்மா, அதான் உங்க மாமி, கெங்குவார்பட்டியில ஒருத்தி பிள்ளை பெத்திருக்கான்னு வேற பாட்டிலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாக. பதிலை இதே கண்டக்டர்கிட்ட குடுங்க, ஸ்டாண்டுல நின்னு வாங்கிக்கிறேன்.
விஜய்பாண்டி


கம்பம்
17.2.2001, மத்தியானம்

விஜய்பாண்டித் தம்பிக்கு,

இதைப் படித்த கையோடு டாக்டரிடம் போங்கள். மூன்று நாள் புளித்த தாய்ப்பால், கழுவாத சிரப் பாட்டில் என்று அப்படியே சொல்லுங்கள். யாருடையது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். உங்கள் கண்ணையும் காட்டுங்கள். மாமி கொண்டுவருவதை அவுக கண்முன்னாலேயே கொட்டுங்கள். திட்டினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மச்சான், நாளைக் காலை முதல் பஸ்ஸில் சாதியாவோடு வருகிறேன். மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வாடை இன்னும் என் மூக்கில்தான் இருக்கிறது. கட்டு அவிழ்க்கும்போது நானும் பிள்ளையும் எதிரே இருபதடி தள்ளித்தான் நிற்போம். எங்களை அங்கிருந்தே பாருங்கள். தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

பெனாசிர்