மீகோய்கோய் முளைத்த சரிவு

வெள்ளிக்கிழமை மாலை ஆல்பனியில் பஸ் ஏறியதும் கைபேசியில் ஒரு படம் வந்தது. பளபளக்கும் பித்தளைத் தகடு. அதில் உங்கள் பெயர். அதன் கீழே ஆங்கிலத்தில், ‘இந்தக் கரையை நேசித்தவர்.’ கடற்கரைச் சரிவில் உங்கள் நினைவாக பெஞ்ச் போடுகிறார்களாம். அடியில் கான்கிரீட் தளமாம். அனுப்பியவர் செடி நடும் குழுவின் தலைவர். இடம் எது என்று பார்த்தேன். அக்கா, நாம் மீகோய்கோய் நட்ட அதே புல்வெளி.

நம் பழக்கம் அங்கேதான் தொடங்கியது, குழு செடி நட்ட ஒரு நாளில். கிளென்ஃபீல்டிலிருந்து கணவரோடு வந்திருந்தீர்கள். கையில் கொடுத்த நாற்றைப் பார்த்து, “வாடிப்போச்சே” என்றேன். “நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்று சிரித்தீர்கள். “இதின்ர நிறமே இதுதானாம்.” மீகோய்கோய், கடலோரப் புல்லில் தானாக வளரும் இந்த நாட்டுக் காட்டு ஐரிஸ் செடி. செம்பு நிற இலை, சின்ன வெள்ளைப் பூ. அன்று முழுக்க மண்டியிட்டு நட்டோம். உங்கள் ஊர்த் தமிழில் நீங்கள் என்னை ‘நீர்’ என்றபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது.

குளிர்காலத்தில் இலைகள் இன்னும் சிவந்தன. காய்ந்த புல் என்று நினைத்து குழுவினரே அவற்றின் மேல் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். நீங்கள் தலைவரிடம் போனீர்கள். “புல்தானே, மறுபடி நட்டால் போச்சு” என்றார் அவர். நீங்கள் நகரவில்லை. அப்போது அவர் புன்னகையோடு சொன்னார்: “நீங்கள் இங்கே புதிது. எங்கள் செடிகளைப் பற்றிக் கவலைப்பட நாங்கள் இருக்கிறோம்.”

புதிதாம்! உங்கள் பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போன ஊர் இது. “நான் நட்டது செத்துப்போச்சு. என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள்” என்றீர்கள். அவர் கேட்கவில்லை. காரில் என்னிடம் சொன்னீர்கள்: “அவருக்கு விளங்கேல்லை எண்டில்லை. என்னட்டை மன்னிப்புக் கேக்க அவருக்கு மனமில்லை.”

அதன் பிறகு குழுவின் அழைப்புகள் உங்களுக்கு வருவது நின்றது. யாரும் எதையும் சொல்லவில்லை. அழைப்பு மட்டும் வரவில்லை. நீங்கள் பாட்டுக்குப் போய்க் களை பிடுங்கினீர்கள். நோய் வந்து சிகிச்சை தொடங்கிய பின்னும், உடம்பு இடம் கொடுத்த நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கடந்த வசந்தத்தில் களைக்கொல்லி எட்டாத வேர்களிலிருந்து புதிய இலைகள் எழுந்திருந்தன. “பாரும், பூத்திருக்கு!” என்று கத்தினீர்கள். நாய் கூட்டி வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் நீங்கள் அங்கே கடைசியாக வந்தது.

இன்று காலை பெஞ்ச் போட இடம் அளக்கச் சரிவில் எல்லோரும் கூடினார்கள், உங்கள் கணவரும். இறந்தவுடன் உங்கள் மேல் எத்தனை பாசம்! ஒரு பெண் அளவு நாடாவை அந்த இலைகளின் மேலேயே விரித்தாள். “அவருக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும்” என்றார் தலைவர்.

“அவங்க உங்ககிட்ட கேட்டது ஒரு மன்னிப்பு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “உயிரோட இருந்தப்ப அதைக் கொடுக்கலை. இப்ப அவங்க பூவுக்கு மேல கான்கிரீட் ஊத்துறீங்க.” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

உங்கள் கணவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். “என்ர மனுசிக்கு வாங்கு வேண்டாம். அவையளுக்குச் சொல்லுங்கோ, பிள்ளை.”

அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இருந்தும் அவர்களிடம் நேரே பேச அவருக்குப் பிடிக்கவில்லை. பெஞ்ச் வேண்டாம் என்கிறார் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் நாடாவைச் சுருட்டிக்கொண்டாள். சரி, இங்கே எதுவும் கட்டவில்லை என்றார் தலைவர், கடலைப் பார்த்தபடி. மன்னிப்பு இன்றும் வரவில்லை.

யார் எதைச் சொன்னாலும் “பரவாயில்லை” என்று சிரித்தே இந்த ஊரில் காலம் தள்ளியவள் நான். அந்தச் சிரிப்பு இன்று வரவில்லை, அக்கா. வீடு வந்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா, ஆர் யூ ஸ்டில் ஆங்க்ரி?”

“ஆமா” என்றேன். “நாளைக்கும் இருப்பேன்.”