அம்மா கல்லூரிக்கு வந்த வாரம்

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்கள் வரிசை. ஸ்கூட்டி நகரவே இல்லை. கைரேகை வைக்கும்போது ஒன்பது ஐந்து. லேட் மார்க்.

பிரின்சிபால் கூப்பிட்டார். ஒன்பதாம் தேதி உலகப் பழங்குடிகள் நாள், கொண்டாடச் சொல்லிச் சுற்றறிக்கை. மெக்சிகோவிலிருந்து ஒரு செமஸ்டருக்கு வந்திருக்கும் மாணவி மரிசோலும் இருக்கிறாள். "அவங்க கல்ச்சர், நம்ம ட்ரைபல் கல்ச்சர், ஒரே மேடை, ஒரே மைக். எப்படி ஐடியா? பொறுப்பு நீங்கதான் கலா. இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டுக்கு அப்படி என்ன வேலை?"

நூற்றிருபது பேப்பர் திருத்த வேண்டும். அதுதான் வேலை. "சரி சார்" என்றேன்.

ஆபீஸ் சாந்தி அக்கா ஸ்காலர்ஷிப் ஃபைலைப் பார்த்துப் பட்டியல் எடுத்துக் கொடுத்தார். கல்லூரி முழுக்க மூன்றே பேர், மூவரும் பெண்கள். "இருளர்னு போட்டுகீது. பாத்தா தெரியவே இல்ல, இல்ல கலா?"

"ஆமாக்கா" என்றேன்.

ஆமாக்காவாம். என்ன வாய் இது. நாலாவதாக என் பெயரையும் அதில் எழுதலாம். ஆறு வருடமாக இங்கே வேலை, ஒருவருக்கும் தெரியாது. குடியிருப்பதும் சாந்தி அக்கா வீட்டு மாடியில்தான், படப்பையில். வீடு பார்க்கப் போன அன்று "நீங்க இன்னா ஆளுங்க?" என்றார். வாய்க்கு வந்த ஒரு சாதியைச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் மூன்று வீடுகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று.

வாங்க: ஸ்கூட்டிக்கு பிரேக் கேபிள். தலைவலி மாத்திரை. சார்ட் பேப்பர்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று அம்மாவைப் பார்க்கப் போகவில்லை. பேப்பர் திருத்தல். திருக்கழுக்குன்றம் பக்கம் ஏரிக்கரையில் வீடு. மாதம் ஒரு ஞாயிறு போவேன். அம்மா இங்கே வந்ததே இல்லை. வா என்று நான் கூப்பிட்டால்தானே.

பட்டியலில் இருந்த மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டனுப்பினேன். இறுதியாண்டுப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. "மேம், என்ன விட்டுடுங்க." விட்டுவிட்டேன். காரணம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. இன்னொருத்திக்கு அம்மை போட்டிருக்கிறது, லீவு.

மூன்றாவது ரேவதி. எலக்ட்ரானிக்ஸ், இரண்டாம் ஆண்டு. மணிமங்கலம் பக்கம். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

"சூப்பர் மேம்! கன்னியம்மா பூசை போட்லாம். மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கடக்கரையில போடுவோமே, மணல்ல ஏழு படி கட்டி, அது. எங்க அத்த ஊர்ல பாட்டுக்காரம்மாங்க கீறாங்க. இட்டுனு வரட்டா?"

அத்தை ஊர் எது என்று கேட்டேன். திருக்கழுக்குன்றம் பக்கம் ஏரிக்கரையாம்.

எங்கள் ஊரேதான். "சரி, பார்க்கலாம்" என்றேன். மத்தியானம் சாப்பிடவில்லை. சாம்பார் சாதம், நாய்க்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மீட்டிங். பிரின்சிபால், நான், ரேவதி, மரிசோல், சிவில் டிபார்ட்மென்ட்காரர் ஒருவர். ஏசி ஓடவில்லை.

பாட வருகிறவர்களுக்கு இலை டிரஸ் வேண்டும் என்கிறார் பிரின்சிபால். தலையில் இறகு. பெருங்களத்தூரில் வாடகைக்குக் கிடைக்குமாம். பேனாவைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன். பேசியது ரேவதிதான்.

"சார், எங்கப்பா வல்லம் வடகால் கம்பெனில லோடிங்ல கீறாரு. பேன்ட் சட்ட போட்டுகினு, ஷூ போட்டுகினு போறாரு. இல எங்க கீது சார்?"

பிரின்சிபால் சிரித்துவிட்டார். மரிசோலுக்கு என்று ஆன்லைனில் வரவழைத்த பெரிய தொப்பியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, அவர் தலையிலேயே வைத்துவிட்டாள். "சாருக்கு நல்லா இருக்கு" என்றாள் தமிழில். அவள் ஊரில் அவள் வீட்டார் இதைப் போடுவதில்லையாம். அவள் அம்மா சபோடெக் இனம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அந்த மலையில் இருந்தவர்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் இல்லை, அவர்கள் மொழி. இதையெல்லாம் வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்து மணல். சிவில்காரர் லேபில் கல்லை நொறுக்கிய எம்-சாண்ட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"எம்-சாண்ட் வேண்டாம் சார். படி கட்டும்போது தட்டித் தட்டி உள்ளங்கை கிழிஞ்சிடும். கடல் மணல்தான் வேணும், ஈரமா" என்றேன்.

நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமலே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பிரின்சிபால்.

"எங்கேயோ படிச்சேன் சார்."

ரேவதி மட்டும் பார்வையை எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் சுமாரான மழை. துணி நனைந்தது. பிரேக் கேபிள் மாற்றியாயிற்று.

மரிசோலைக் கூட்டிக்கொண்டு படப்பை கடைத்தெரு. அவள் ரொட்டி சுட்டுக் காட்டப் போகிறாள், மக்காச்சோள மாவு வேண்டும். கடைக்காரர் கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளை மாவைக் கொடுத்தார். அவள் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் முழு மக்காச்சோளமும் சுண்ணாம்பும் வாங்கினோம். சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து அரைப்பார்களாம். வெற்றிலைக்கா என்றார் கடைக்காரர்.

வழியெல்லாம் அவள் தன் அம்மாவோடு வீடியோ கால். அங்கே விடியற்காலையாம். மாட்டைக் காட்டுகிறாள், மல்லிப்பூ கட்டுகிறவளைக் காட்டுகிறாள், என்னைக் காட்டுகிறாள். அந்த அம்மா பின்னல் இரண்டும் முன்னால் விழ, போனுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துச் சிரிக்கிறாள். பல் ஒன்று இல்லை.

எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமை. என் போனில் அம்மா நம்பர் 'கே வீடு' என்றுதான் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் போன் அடித்தால் யாராவது 'அம்மா' என்று பார்த்து, எந்த ஊர் என்று கேட்டுவிடுவார்கள் என்று.

வீட்டுக்கு வந்ததும் மாற்றினேன். அம்மா. இரண்டு நிமிஷ வேலை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தெருமுனை அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது. சாந்தி அக்கா ஒரு சொம்பு கூழ் கொடுத்தனுப்பினார். கருவாட்டுக் குழம்பும். நல்லவர்தான், அதுதான் கஷ்டமே.

மத்தியானம் அம்மா போன்.

"கண்ணு, ரேவதின்னு ஒரு பொண்ணு வந்துச்சி. பாட்டுப் பாட கூப்புடுது. ஒரகடத்தாண்ட காலேஜாம். ஒன் காலேஜு தானே அது?"

"ஆமாம்மா."

"எல்லாரும் என்னியதான் மின்னாடி நிக்கச் சொல்றாளுங்க. நான் வரட்டா? வேணான்னா சொல்லிடு, கால் நோவுதுன்னு சொல்லிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "வந்தாலும் ஒன்னியத் தெரிஞ்ச மாரி காட்டிக்க மாட்டேன். பயப்படாத கண்ணு" என்றாள்.

எந்த மகளுக்காவது இப்படி ஒரு வார்த்தையைக் கேட்கும் தலையெழுத்து உண்டா? அரிசி ஆலை வெயிலில் நெல் கிளறி என்னை எம்.ஏ. படிக்க வைத்தவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். அப்போதே, தெரிஞ்ச மாதிரியே வா என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வாம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பெல் அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை: பேனர் (பழங்குடி என்பதில் பிழை, திருப்பி அனுப்பியாயிற்று). நாற்காலி. மைக் செக். விருந்தினருக்குச் சால்வை. பாட வருகிறவர்களுக்குச் சால்வை இல்லையா என்று கேட்டேன். "அவங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். கத்தினேன். ஆறு சால்வை எழுதிக்கொண்டார்கள்.

பயமாக இருக்கிறது. சாந்தி அக்கா முகம் மாறினால் வீடு போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தெருத்தெருவாக. வகுப்பில் பின்பெஞ்சு என்ன பேசும். முப்பத்து நாலு வயதில் இந்தப் பயம் வெட்கக்கேடு, ஆனால் இருக்கிறதே.

நாளைக்கு நீலப் புடவை. இஸ்திரி போட வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

இப்போது மாலை ஆறரை. எழுத்து கோணல்.

காலை பத்துக்கு வேன் வந்தது. ஆறு பேர். நேற்றே பஸ் ஏறிக் கடலுக்குப் போய் ஆளுக்கொரு பையில் மணல் அள்ளி வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள்தான், சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்தவர்கள். ஒருத்திகூட என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. அம்மா சொல்லி வைத்திருக்கிறாள்.

அம்மா கடைசியாக இறங்கினாள். பச்சைப் புடவை, போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "வணக்கம் மேடம்."

நானும் கும்பிட்டேன். நாசமாய்ப் போக என் கை.

சாந்தி அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்தபடி அம்மாவிடம் கேட்டார், "பசங்க எத்தினி பேரும்மா?"

"ஒரே பொண்ணு."

"இன்னா பண்ணுது?"

"தூரத்துல கீது. நல்லா கீது" என்றாள் அம்மா. நான் நாலடி தள்ளி, சால்வையை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

முதலில் மரிசோல். ரொட்டி சுட்டாள், அவள் அம்மாவின் மொழியில் வணக்கம் சொன்னாள், ஹால் முழுக்கத் திருப்பிச் சொல்ல வைத்தாள். ரொட்டி கருகியது. பையன்கள் அதையும் சண்டை போட்டுத் தின்றார்கள்.

பிறகு பூசை. மேடை ஓரத்தில் நான் மைக்கோடு, விளக்கம் எழுதிய சீட்டோடு. அம்மா மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏழு படி கட்டினாள். மஞ்சள், குங்குமம், ஒவ்வொரு படியிலும் வெற்றிலை. மற்றவர்கள் பாடினார்கள். ஹாலில் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

மேல்படியில் பூ வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதைப் பூசை போடுகிறவள் வைப்பதில்லை, அவள் மகள் வைப்பாள். அம்மா பூவை எடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "ரேவதி, நீ வா கண்ணு, வையி" என்றாள்.

என் சீட்டில் இதற்கு வரி இல்லை. செருப்பைக் கழற்றினேன். மேடைக்கு நடுவே போய் அம்மா பக்கத்தில் மண்டி போட்டுக் கையை நீட்டினேன்.

அம்மா பயந்துபோனாள். தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல், "வேணாம் கண்ணு. அப்பால போ. ஆரனா பாத்துடப் போறாங்க. ஒன் வேலைக்கு இன்னாவது ஆயிடும்" என்றாள்.

மைக் என் கையில்தான் இருந்தது. ஆன்.

அம்மா சொன்னது ஸ்பீக்கர் நாலிலும் கேட்டது. எண்ணூறு பேர் கேட்டார்கள். அம்மாவும் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எந்தப் பயமும் இல்லை. பூவை வாங்கி மேல்படியில் வைத்தேன். மைக்கில், "இவங்க பேரு கன்னியம்மாள். எங்க அம்மா. நாங்க இருளர்" என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும்.

"அய்யய்யோ மேம்!" என்று ரேவதி கத்தினாள், விரலை வாயில் வைத்து விசில் வேறு. பிரின்சிபால் எழுந்து நின்று கை தட்டினார். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. சாந்தி அக்கா மூன்றாவது வரிசை. கை தட்டவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மஞ்சள் கையோடு என் கன்னத்தைத் தடவி, "பைத்தியம், பைத்தியம்" என்றாள். அதுவும் மைக்கில் கேட்டது.

வேன் கிளம்பும்போது அம்மாவை ஏற விடவில்லை. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். வழி முழுக்க என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ, மெதுவா போ."

எனக்கு முன்பே சாந்தி அக்கா வந்துவிட்டிருந்தார். வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார். அம்மா கேட்டுக்கு வெளியிலேயே, தெருவில், செருப்பைக் கழற்றினாள். "மேல வந்து கழட்டலாம்மா, போட்டுக்கோ" என்றேன். போட்டுக்கொண்டாள். படி ஏறினாள், சுவரைத் தொடாமல்.

சாந்தி அக்கா ஒன்றும் திட்டவில்லை. அன்பாகவும் பேசவில்லை. பின்னாலிருந்து, "கலா, எத்தினி நாளு இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பினேன். "தெரியலக்கா. அவங்க பொண்ணு வூடு இது, அவங்க இஷ்டம்."

அம்மா உள்ளே குளிக்கிறாள். சோப்பு எங்கே கீது என்று சத்தம் போடுகிறாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.