முள் அசையக் கூடாது

நவ. 14, வெள்ளி
காலையிலேர்ந்து தூறல். திருமுல்லைவாயில்ல ரயில் லேட்டு. அம்பத்தூர் எஸ்டேட் போறதுக்குள்ள பாதி நனைஞ்சாச்சு.

பட்டறையில பெரிய ஸ்டீல் கலன் ரெடி. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துக்கு. சூரியனுக்குள்ள நடக்கிறதை இதுக்குள்ள நடத்திப் பார்ப்பாங்களாம். அடேங்கப்பா! நம்ம அம்பத்தூர் வெல்டிங்குக்குள்ள! உள்ள பொட்டுக் காத்து இருக்கக் கூடாது. லீக் பார்க்கிறது என் வேலை.

சாயந்தரம் பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சேன். கலனுக்கும் மூணு, மூடி உட்கார்ற விளிம்புல. எங்க வீட்டுக்காரருக்கு வேண்டிக்கிட்டுதான். அட்டாக் வந்ததிலேர்ந்து இதயத்துல ஒரு பக்கம் அசையல. செத்துப்போச்சா, மயக்கமான்னு செவ்வாய்க்கிழமை எக்கோ ஸ்கேன்ல தெரியும்.

நவ. 15, சனி
செம திட்டு. சூப்பர்வைசர் அண்ணன், "இன்னாம்மா இது? கைரேகை பட்டாலே போச்சு, நீ சந்தனம் பூசி வச்சிகீறே!" நியாயம்தான். அழுகை வந்துச்சு, திட்டுக்காக இல்ல. வேண்டிக்கிட்டு வச்ச பொட்டையும் சேர்த்து மறுபடி முழுக்கக் கழுவினேன்.

நவ. 16, ஞாயிறு
மக நிவேதா போன்ல காட்டினா. கண்ணாடித் தட்டுல வளர்த்த இதய செல்லுங்க. தானா துடிக்குது, யாரும் சொல்லல. தனித்தனியா துடிக்கிறது, ஒண்ணை ஒண்ணு தொட்டா ஒரே தாளம்.

"நைனா நெஞ்சுல இருக்கிறதும் பெரும்பாலும் பொறந்தப்ப வந்ததுதாம்மா."

அம்பது வருஷமா லீவே போடாம! நான் ஞாயித்துக்கிழமைக்கு என்னா ஏங்கறேன்.

இவரு: "இன்னாடி, என் நெஞ்சையே மொறைச்சிகினு கீறே?"

நவ. 17, திங்கள்
லீக் டெஸ்ட். காத்தை உறிஞ்சிட்டு, வெளிய ஜாயின்ட் ஜாயின்டா ஹீலியம் ஊதினேன். ஓட்டை இருந்தா மீட்டர்ல முள் ஏறும். அசையாதே, அசையாதேன்னு மத்தியானம் வரைக்கும் அதையே பார்த்துகினு இருந்தேன். அசையல. அண்ணன் டீ வாங்கித் தந்தாரு.
நாளைக்கு: பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, குடை.

நவ. 18, செவ்வாய்
எக்கோ. என்னையும் உள்ள விட்டாங்க. டாக்டரம்மா ஸ்கிரீன்ல பேனாவால காட்டினாங்க, "போன தடவை இதயத்தோட இந்தச் சுவர் சும்மா கிடந்துச்சு. இப்ப பாருங்க."

பார்த்தேன். ஒண்ணும் தெரியல. அப்புறம் தெரிஞ்சுது. மெதுவா, சோம்பேறி மாதிரி, ஆனா அசையுது. சாகல.

அசை, அசைன்னு வாய்விட்டே சொல்லிட்டேன் போல. இவரு படுத்தபடியே, "யார்கிட்ட பேசிகினு கீறே?"

உன் நெஞ்சுகிட்டதான்யா.